புகார் எழுதத் தாமதித்த ஐந்து மாதங்கள்

2023 ஏப்ரல் 20ஆம் தேதி, உதகமண்டலம் தலைமை அஞ்சலகத்தில், பணியிடத்தில் எனக்கு நேர்ந்த பாலியல் தொல்லை பற்றிய புகாரின் ஆறு பிரதிகள் அடங்கிய கனத்த உறையை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் சேர்த்தேன். அன்றைக்குச் சட்டம் எனக்குக் கொடுத்திருந்த காலத்தில் எட்டு நாள்களே மிச்சமிருந்தன. அப்படி ஒரு காலக்கெடு உண்டு என்பதே எனக்கு அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் தெரிய வந்தது. அதற்கு முந்தைய ஐந்து மாதங்களை நான் பெரும்பாலும் வாய் திறக்காமலும், திறந்த ஒரே ஒரு முறையும் எழுத்தில் எதையும் கொடுக்காமலும் கழித்திருந்தேன். மலையில் உள்ள கல்லூரிகளில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்து, ஊரை விட்டு வந்து, அறை எடுத்துத் தங்கி, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கும் பெண்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ இதில் இருக்காது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, புகார் கொடுத்தவரையும் புகாருக்கு உள்ளானவரையும் சாட்சிகளையும் அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. யாரென்று தெரியாதபடி, கிடைத்த நீதியைப் பற்றிச் சொல்ல மட்டும் இடம் தருகிறது. அந்த எல்லைக்குள் நின்றே எழுதுகிறேன்.

நான் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. பாட்டியும் அம்மாவும் தமிழக அரசின் டான்டீ தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். தோட்டக் குடியிருப்பான எங்கள் லயத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தாவரவியலில் பட்டம் கைக்கு வந்த அடுத்த ஆண்டே, 2022 ஜூலை 1ஆம் தேதி, உதகையில் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். மாதம் 18,000 ரூபாய் தொகுப்பூதியம், பதினொரு மாத ஒப்பந்தம். வேலை ஆணை வந்த அன்று அம்மா அதைக் கையில் வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நான் வாய் மூடிக் கிடந்ததற்கு அந்தத் தாள் ஒரு பெரிய காரணம்.

துறைத் தலைவர் தொடக்கத்தில் மிகவும் அன்பாக நடந்துகொண்டார். தோட்டத்திலிருந்து வந்த பெண் என்று எல்லாரிடமும் பெருமையாக அறிமுகம் செய்தார். நல்ல பாடங்களை ஒதுக்கினார். சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதலாம் என்றார். அந்த அன்பைத் தவறு என்று இப்போதும் சொல்லமாட்டேன், ஏனென்றால் எல்லா நல்ல ஆசிரியர்களும் தொடக்கத்தில் அப்படித்தான் இருப்பார்கள். நான் கவனித்திருக்க வேண்டியது வேறு. என் காலஅட்டவணை, என் விடுப்புக் கடிதம், கட்டுரையில் என் பெயர், மே மாதத்தில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கான பரிந்துரை ஆகிய நான்கும் அவர் ஒருவருடைய கையெழுத்தில்தான் நின்றன. ஒரே ஆளிடம் இத்தனையும் இருக்கும் இடத்தில், அவரைத் தாண்டி நாம் போகக்கூடிய இன்னொரு ஆள் யார் என்பதை முதல் மாதத்திலேயே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நான் தெரிந்துகொள்ளவில்லை.

அக்டோபரிலிருந்து இரவில் வாட்ஸ்அப் செய்திகள் வரத் தொடங்கின. முதலில் கட்டுரையைப் பற்றி. பிறகு சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்வை இருக்கிறதா என்று. பிறகு என் உடையைப் பற்றியும் உடலைப் பற்றியும். பதில் போடாமல் இருந்தால் மறுநாள் வகுப்பறை வாசலில் நின்று, "நேத்து என்ன, தூங்கிட்டியா?" என்று மாணவர்கள் காதுபடக் கேட்பார். நவம்பர் 18ஆம் தேதி கோத்தகிரி லாங்வுட் சோலைக்குக் களப்பயணம் போனோம். மாணவர்கள் வேன் மூன்றரை மணிக்கே கிளம்பிவிட்டது. இன்னும் இரண்டு பெரணிச் செடிகளைச் சேகரிக்க வேண்டும் என்று சொல்லி என்னை நிறுத்திக்கொண்டு, கல்லூரி ஜீப்பில் திரும்பலாம் என்றார். பின்னிருக்கையில் அவரும் நானும். கட்டபெட்டு தாண்டியதும் மூடுபனி இறங்கி, ஓட்டுநர் முகப்பு விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய கை என் தொடைமேல் வந்தது. நான் தள்ளிவிட்டேன். மறுபடியும் வந்தது. காலடியில் இருந்த, செடிகளை அடுக்கி வார் போட்டுக் கட்டிய மரப் பிரஸ்ஸைத் தூக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, ஊர் வந்து சேரும் வரை அதன் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஏன் கத்தவில்லை என்று பின்னால் என்னிடம் பலர் கேட்டார்கள். நானும் என்னையே பல இரவுகள் கேட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் உடம்பு உறைந்துபோகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

அறைக்கு வந்து நான் செய்த முதல் வேலை, அவருடைய செய்திகள் அத்தனையையும் அழித்ததுதான். கண்ணில் படக் கூடாது என்று நினைத்தேன். நான் செய்த தவறுகளில் இதுவே பெரியது. இப்படி ஒன்று நடந்தால் எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது, நீங்கள் சேமித்து வைத்த பெயர் மட்டும் அல்லாமல் எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி எடுங்கள். முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். கல்லூரி கொடுத்த மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டாம், வேலை போகும் நாளில் அதுவும் போய்விடும். நடந்ததை அன்றிரவே தேதி, நேரம், இடம், யார் அருகில் இருந்தார்கள் என்று நான்கு வரியாவது எழுதி வையுங்கள். நம்பகமான ஒருவருக்காவது அன்றே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அன்றைக்கே நீங்கள் சொன்னதை அவர் பின்னால் சாட்சியாகச் சொல்ல முடியும். நான் அந்த இரவு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, குளிராக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

தள்ளிவிட்டதற்கான விலையை அடுத்த வாரத்திலிருந்து கொடுக்கத் தொடங்கினேன். என் அட்டவணை மாறியது: வாரம் ஐந்து நாளும் காலை முதல் மணியும் மாலை கடைசி மணியும் எனக்கு, நடுவில் ஒன்றுமில்லை. ஆய்வகச் சாவியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கட்டுரையிலிருந்து என் பெயர் எடுபட்டது. துறையில் எல்லாரும் தேநீர் குடிக்கும் நேரத்தில், "எஸ்டேட் புள்ளைங்களுக்கு இடம் கொடுத்தா இப்படித்தான்" என்று பொதுவாகச் சொல்வதுபோல் சொல்வார். "சிலோன்காரங்க" என்ற சொல்லும் வந்து விழும். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. தொட்டதைவிட இது என்னை அதிகமாக உடைத்தது என்று சொன்னால் நம்புவீர்களா என்று தெரியவில்லை. பாட்டி மண்டபம் முகாமில் வந்து இறங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தச் சொல்லைப் பேராசிரியர் ஒருவர் வாயிலிருந்து கேட்ட நாள்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போது நான் இவற்றை இரண்டு தனித்தனித் துன்பங்களாக நினைத்தேன்: ஒன்று பாலியல் தொல்லை, மற்றது பாகுபாடு. சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. பாலியல் தொல்லையோடு தொடர்புபட்டு வரும்போது, வேலையில் பாதகம் செய்வேன் என்ற மிரட்டல், வேலை செய்ய முடியாதபடி சூழலைக் கெடுப்பது, உடல்நலத்தைப் பாதிக்கும் அளவுக்கு இழிவுபடுத்துவது எல்லாமே 3ஆவது பிரிவுக்குள் வருகின்றன. ஆகவே மாற்றப்பட்ட கால அட்டவணையும் ஒரு ஆவணம். பழைய அட்டவணையையும் புதிய அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தால், ஐந்து பக்கம் எழுத வேண்டியதை அந்த இரண்டு தாள்கள் சொல்லிவிடும். பட்டியலினத்தவரையோ பழங்குடியினரையோ சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், அதற்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. அந்தப் புகார் போக வேண்டிய இடம் காவல் நிலையம்.

டிசம்பர் இரண்டாவது வாரம் துணிந்து முதல்வரைப் போய்ப் பார்த்தேன். பத்து நிமிடம் கேட்டார். "எழுத்துல எல்லாம் வேண்டாம்மா, உங்க பேரும் கெட்டுப்போகும். நான் கூப்பிட்டுப் பேசிக்கிறேன். நீங்க பர்மனென்ட்டும் இல்லையே, இந்தக் கமிட்டி எல்லாம் அவங்களுக்குத்தான்" என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவர் சொன்ன கடைசி வாக்கியம் முழுத் தவறு. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தில் இருப்பவர், தற்காலிகமாக இருப்பவர், தினக்கூலி பெறுபவர், பயிற்சியில் இருப்பவர் எல்லாருமே பணியாளர்தாம். வேலை நிமித்தம் போகும் இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியும்கூடப் பணியிடமே. எனவே லாங்வுட் சோலையும் அந்த ஜீப்பின் பின்னிருக்கையும் பணியிடம்தான். இதில் எதுவும் எனக்கு அன்று தெரியாது. அது தெரியாமலேகூட ஒன்றைச் செய்திருக்கலாம்: அறைக்குத் திரும்பி, "இன்று தங்களை நேரில் சந்தித்து இன்னின்ன விஷயத்தைத் தெரிவித்தேன், பேசுவதாகக் கூறினீர்கள்" என்று மூன்று வரி மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாம். வாய்மொழியாக முறையிட்டதற்கு அதுவே போதுமான சான்றாக இருந்திருக்கும். விசாரணையின்போது முதல்வருக்கு அந்தச் சந்திப்பு நினைவில் இல்லை.

2023 ஜனவரி 28ஆம் தேதி இரவு வந்த செய்திதான் கடைசி. "மனசு மாறினால் சொல், ஒப்பந்தம் தானாக நீளும்" என்று இருந்தது. அதை ஏனோ அழிக்கவில்லை. அழிக்கக்கூட வலுவில்லாமல் அப்படியே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவதையே நிறுத்தினார். மே வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும், வேறு துறையில் வேலை கிடைத்ததும் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். ஏப்ரல் முதல் வாரத்தில், அடுத்த ஆண்டுக்கு என் பணி தேவையில்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

அன்று ஆய்வகத்தில் உட்கார்ந்து அழுதபோது, அங்கே உதவியாளராக இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்யும் அக்கா ஒருவர் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "விசாகா கமிட்டின்னு ஒண்ணு இருக்கும்மா, லிஸ்ட் எங்கேயோ பார்த்தேன்" என்று என்னை அழைத்துக்கொண்டு போனார். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் குழுவைத்தான் அப்படிச் சொன்னார். அலுவலகத் தாழ்வாரத்தில் ஒரு இரும்பு பீரோவைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள்; அதன் பின்னால் அறிவிப்புப் பலகை. பீரோவுக்கும் சுவருக்கும் இடையே என் தொலைபேசியை நீட்டி, விளக்கைப் போட்டு, பார்க்காமலே படம் எடுத்தேன். ஈரத்தில் ஓரம் கருத்த அந்தத் தாளில் ஏழு பெயர்கள் இருந்தன. நான்காவது பெயர் எங்கள் துறைத் தலைவருடையது.

அதே வாரம் குன்னூரில் ஒரு வழக்கறிஞரிடம் போனேன். ஐயாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்றார். மூன்று மாதக் கெடுவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு அந்த அக்காவின் மகள் சொல்லித்தான் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண் என்றால் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு என்பதும், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலே வழி சொல்வார்கள் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அங்கிருந்த வழக்கறிஞர் அம்மா முதலில் கேட்ட கேள்வியே, "கடைசியாக எப்போது நடந்தது?" என்பதுதான். சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். நவம்பர் 18ஐ மட்டும் எடுத்தால் எனக்குக் காலம் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. ஜனவரி 28ஆம் தேதிச் செய்தி அதே தொடரின் கடைசிக் கண்ணி என்பதால் ஏப்ரல் 28 வரை இருந்தது. தகுந்த காரணம் இருந்தால் குழு அதை எழுத்தில் பதிவு செய்து இன்னொரு மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் அது அவர்கள் மனம் வைத்தால்தான். புகாருக்குப் பயந்து ஒப்பந்தம் புதுப்பிக்கும் வரை காத்திருக்கும் யாரும் இந்த நாள் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தாலும் புகார் கொடுக்கும் உரிமை போவதில்லை, காலம்தான் போகும்.

புகாரை எழுத எனக்கு ஆறு நாள் ஆயிற்று. முதல் வரைவு பதினான்கு பக்கம். அதில் பாதி என் மனவேதனை. வழக்கறிஞர் அம்மா பொறுமையாகப் படித்துவிட்டு, தேதி வரிசையில் மாற்றி எழுதச் சொன்னார்: ஒவ்வொரு பத்தியும் ஒரு தேதியில் தொடங்க வேண்டும், அவர் சொன்ன சொல் எப்படிச் சொன்னாரோ அப்படியே, எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், இருக்க வேண்டும். அந்தச் சொற்களை என் கையால் எழுதுவது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. விதிப்படி புகாரின் ஆறு பிரதிகள், இணைப்பு ஆவணங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி எல்லாம் சேர்த்தேன். அலுவலகத்தில் நேரில் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்தார்கள். முத்திரை போட்டுத் தர ஆள் இல்லை என்றார்கள். அதனால்தான் தபால். அத்தோடு இரண்டாவது கடிதம் ஒன்றும் வைத்தேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள் உள்ளகப் புகார்க் குழுவில் உறுப்பினராக இருக்கக் கூடாது. உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து, பெண்கள் நலனுக்காக உழைக்கும் அமைப்பைச் சேர்ந்தவரோ இந்தப் பிரச்சினைகளை அறிந்தவரோ ஒருவர் வேண்டும் என்று சுட்டிக்காட்டி, குழுவைத் திருத்தி அமைக்கும்படி கேட்டேன். அந்தப் பட்டியலில் வெளி உறுப்பினர் என்று இருந்தவர் அதே கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டப்படி குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் என்ற வரியை வழக்கறிஞர் அம்மா கடைசியில் சேர்த்தார். ஜூன் மாதம் புதிய குழு வந்தது. புகார் நிறுவனத் தலைவர் மீதே என்றால் உள்ளே கொடுக்கவே வேண்டாம், மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் பதியலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் உண்டு. காவல் நிலையத்தில் குற்றப் புகார் கொடுப்பது தனி வழி, இரண்டையும் சேர்த்தே செய்யலாம். நான் அதற்குப் போகவில்லை, போக வலு இல்லை.

முதல் அமர்வு ஜூன் 14ஆம் தேதி. எட்டு முறை கூப்பிட்டார்கள். நான் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டதால், ஒவ்வொரு முறையும் விடியற்காலை பேருந்து ஏறி நடுவட்டம் வழியாக உதகைக்கு வருவேன். நான்கு முறை அம்மா கூலியை விட்டுவிட்டு என்னோடு வந்தார். "வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், வா புள்ள, கொழுந்து பறிச்சாவது சாப்பிடலாம்" என்று முதலில் சொன்னவர், பிறகு விசாரணை அறைக்கு வெளியே மரப்பெஞ்சில் சாப்பாட்டுத் தூக்கோடு மாலை வரை உட்கார்ந்திருந்தார். ஜீப் ஓட்டுநர் எதையும் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை, அவரும் தினக்கூலிதான். துறைத் தலைவர், அன்று தாம் மாணவர்களோடு மூன்றரை மணி வேனிலேயே திரும்பிவிட்டதாகவும் ஜீப்பில் வரவே இல்லை என்றும் எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் படித்த இரவு எனக்குக் கள நோட்டு நினைவுக்கு வந்தது. தாவரவியல் படித்தவர்களுக்குத் தெரியும், எடுக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் எண், இடம், உயரம், நேரம் எழுதுவோம். கடைசிப் பெரணிக்கு நேரே என் கையெழுத்தில் மாலை 4.20 என்று இருந்தது. அதன் பக்கத்தில், அந்த இனத்தின் பெயர் அவருடைய பென்சில் எழுத்தில். அதே பெயரை அந்த மாதிரியை உலர்த்தி ஒட்டி வைத்திருந்த ஹெர்பேரியம் தாளிலும் அவரே எழுதிக் கையொப்பம் இட்டிருந்தார். ஆய்வக அலமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் குழுவின் முன் வைக்கும்படி கேட்டேன். மூன்றரை மணிக்குக் கிளம்பிய வேனில் இருந்தவர் 4.20க்குச் சோலைக்குள் எழுதியிருக்க முடியாது. தொட்டதைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் ஜீப்பில் இருந்ததையே மறைத்தவரின் மறுப்பை நம்புவதற்கில்லை என்று குழு எழுதியது. குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, இரண்டு தரப்பில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பதே இங்கே அளவுகோல் என்பதை வெளி உறுப்பினராக வந்திருந்த அம்மையார் எனக்கு விளக்கினார்.

அந்த அம்மையார் எதிர்த்தரப்புக்கும் எல்லா ஆவணங்களின் பிரதியையும் கொடுக்கச் சொல்லி, பதில் சொல்ல நாள் கொடுத்து, குறுக்குக் கேள்விகளை எழுத்தில் வாங்கினார். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. அதற்கு முந்தைய மாதம், 2023 மே 12ஆம் தேதி, கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை அவர் எடுத்துச் சொன்னார். 2009இல் அங்கே நடந்த விசாரணையை அவசர அவசரமாக முடித்து, அவருக்குத் தற்காப்புக்குப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்பதால், பதினான்கு ஆண்டு கழித்து விசாரணையை மறுபடியும் குழுவிடமே திருப்பி அனுப்பினார்கள். முறை பிசகினால் நமக்குக் கிடைத்த தீர்ப்பு நம் கையிலேயே உடைந்துபோகும். நடுவில், புகார் பொய் என்று ஆனால் என் மீதே நடவடிக்கை வரும் என்று ஒரு அலுவலர் காதில் போட்டார். தெரிந்தே பொய் சொன்னதாக விசாரித்து உறுதி செய்தால்தான் அது. நிரூபிக்க முடியாமல் போனது மட்டும் பொய்ப் புகார் ஆகாது என்று 14ஆவது பிரிவே சொல்கிறது. இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனை பெண்கள் புகாரைத் திரும்ப வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

தொண்ணூறு நாளில் முடிய வேண்டியது அக்டோபரில்தான் முடிந்தது. ஜீப்பில் நடந்ததும் ஜனவரிச் செய்தியும் இழிவாகப் பேசியதும் உறுதியாயின. நான் அழித்துவிட்ட அக்டோபர், நவம்பர் செய்திகள் ஆதாரமில்லை என்று தள்ளப்பட்டன. அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார், ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. என் வேலை திரும்பவில்லை. இடைக்கால நிவாரணமும் இழப்பீடும் கேட்காததால் கிடைக்கவில்லை. விசாரணை நடக்கும்போது அவர் என் பணியை மதிப்பிட்டு எழுதக் கூடாது என்றோ, எனக்கு மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்பு வேண்டும் என்றோ, எழுத்தில் கேட்டால்தான் குழு பரிந்துரைக்க முடியும். இழந்த ஊதியம், மன உளைச்சல், மருத்துவச் செலவு ஆகியவற்றுக்கு இழப்பீடு கேட்கும் பத்தி என் புகாரில் இல்லவே இல்லை. ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு மாதச் சம்பளம் 1,26,000 ரூபாய், குன்னூர் வழக்கறிஞருக்கு 5,000, அறை முன்பணத்தில் பிடித்தது 5,000, பேருந்து, சாப்பாடு, நகல், தபால் எல்லாம் ஏறக்குறைய 4,700 என்று 1,40,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. அனுபவச் சான்றிதழை நான்கு மாதம் இழுத்தடித்ததில் ஒரு நேர்காணலும் போனது. முடிவில் நிறைவில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், நான் செய்யவில்லை. 2024 ஜனவரியில் வேறு கல்லூரியில் வேலை கிடைத்ததும் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். இப்போது அது தவறோ என்று தோன்றுகிறது.

நிறுவனம் நடத்துபவர்களும் இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்ல எனக்கு இருக்கிறது. அந்தக் கல்லூரியில் ஆண்டுக்கு ஒரு முறை விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது உண்மை. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் கோப்புக்குப் படம் எடுத்து முடிந்ததும் கலைந்துவிட்டது. எனக்கு நேர்ந்ததைத் தடுத்திருக்கக்கூடியவை மிகச் சிறிய காரியங்கள். களப்பயணத்தில் எல்லாரும் ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்புவது. மூடுபனி இறங்கி நாலரை மணிக்கே இருட்டும் ஊரில், கடைசிப் பேருந்து போன பிறகு பெண்களுக்கு வேலை வைக்காமல் இருப்பது. ஒப்பந்தப் புதுப்பிப்பை ஒரே ஆளின் பரிந்துரையில் விடாமல் மூன்று பேர் பார்ப்பது. புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் வேலை ஆணையோடு சேர்த்துப் புகார்க் குழுவின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் கையில் கொடுப்பது. அந்த பீரோவை நகர்த்துவது. தேநீர் நேரத்தில் அந்தச் சொல் விழுந்தபோது மூத்தவர் ஒருவராவது, "இப்படிப் பேசாதீர்கள் சார்" என்று சொல்லியிருந்தால், புகார் வரைக்கும் இது போயிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புதிய கல்லூரியில் சேர்ந்த அன்றே குழு அமைத்த ஆணையின் நகலைக் கேட்டேன். எழுத்தர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, எடுத்துக் கொடுத்தார். துறைத் தலைவர்கள் யாரும் அதில் இல்லை. பழைய கல்லூரியில் அந்தப் பெரணித் தாள் விசாரணைக் கோப்போடு உள்ளே இருக்கிறது. அதற்கு உரிய அலமாரியில் திரும்ப வைக்கும்படி இரண்டு முறை எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.